செபம் வராத நாட்களில் பைபிளை எங்கே திறப்பது?

மல்லாவிப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா காலமாகி எட்டு மாதமாம். அதற்குப் பிறகு முழங்காலில் நின்றால் ஒரு சொல்லும் வருவதில்லை, வருவதெல்லாம் நெல்லு விலையும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்குக் கட்டவேண்டிய லீசிங் காசும்தானாம். செபக்கூட்டத்தில் ஒருவர் "உமக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பைபிளை எந்த இடத்தில் திறப்பது, அம்மாவின் பழைய பைபிளையே வாசிக்கலாமா, இல்லை அதை அலமாரியில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா என்பது கேள்வி. எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது தம்பி, முப்பது வருடம் மறைக்கல்வி படிப்பித்த பழக்கம். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அந்த விசுவாசக் குறைவுக் கதையை முடித்துவிடுவோம். 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் அன்னாள் சீலோவில் ஆண்டவர் சந்நிதியில் நின்று அழுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. வாசலடியில் இருந்து அதைப் பார்த்த ஏலி அவளுக்குக் குடிவெறி என்று நினைத்து, "நீ எதுவரைக்கும் வெறித்திருப்பாய்" என்று ஏசுகிறார். ஏலி யார்? ஆசாரியர். காலம் முழுக்க ஆலயத்தில் இருந்தவருக்கே வெறி எது, செபம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளோ நான் மனம் நொந்த பெண், என் இருதயத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்கிறாள், அதற்குப் பிறகுதான் அந்தக் கிழவர் சமாதானத்தோடே போ என்று சொல்லி அனுப்புகிறார். உங்கள் செபக்கூட்டத்து மனிதரும் ஏலியின் வழியில் வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரோடு கோபிக்கவும் வேண்டாம், அவர் சொன்னதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம்.

சொல் வராமல் செபிப்பதை நான் கண்ணால் கண்டது 2009 இல், இடம்பெயர்ந்து போய் இருந்த செட்டிகுளம் முகாமில். என் அம்மாவின் செபமாலை வரும் வழியில் எங்கேயோ தொலைந்துவிட்டது. அவர் நிவாரண அரிசி வந்த உரப்பையில் இருந்து ஒரு நைலோன் இழையை உருவி, அதில் பத்து முடிச்சுப் போட்டு, தறப்பாள் கொட்டிலின் வாசலில் இருந்து விரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டிருப்பார். வாய் அசையாது. ஒருநாள் "என்னம்மா சொல்லுறியள்?" என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. முடிச்சை எண்ணுறன்" என்றார். அப்போது எனக்கு அது மனம் பேதலித்த கதையாகத்தான் பட்டது, உள்ளதைச் சொன்னால் பயந்தும் போனேன். ரோமர் 8:26 ஐ நான் எத்தனையோ முறை படிப்பித்திருக்கிறேன், எப்படி வேண்டிக்கொள்வது என்று நாம் அறியாதபோது ஆவியானவர்தாமே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுகிறார் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டிருக்கிறேன், ஆனால் அந்த வசனம் என் அம்மாவின் விரலில் ஓடிக்கொண்டிருந்தது அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்க மூன்று நாலு வருடம் எடுத்தது.

சரி, எங்கே திறப்பது. சங்கீதம் 13 இல் திறவுங்கள். ஆறே வசனம். (நான் கத்தோலிக்கன், எங்கள் ஆட்கள் திருப்பாடல் என்போம், என் மனுசி மெதடிஸ்ட், அவவுக்கு அது சங்கீதம். நீங்கள் எந்தப் பெயரில் தேடினாலும் கிடைக்கும். ஒன்று மட்டும், பழைய கத்தோலிக்கப் புத்தகங்களில் இந்தப் பகுதியில் எண் ஒன்று குறைவாக இருக்கும், அங்கே இது 12. கிரேக்க, இலத்தீன் பைபிள்களின் எண்ணிக்கை அப்படி.) "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது தொடங்குகிறது. முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு முறை "எதுவரைக்கும்". வணக்கமும் இல்லை, துதியும் இல்லை, பாவஅறிக்கையும் இல்லை, எடுத்த எடுப்பில் கேள்வி. எங்கள் ஊரில் அரசாங்கக் கச்சேரிக்கு ஒரு கடிதம் எழுதினால்கூட இதைவிட மரியாதையாகத்தான் தொடங்குவோம். ஆனால் கேட்பவர் யாரிடம் கேட்கிறார் என்று பாருங்கள். கடவுளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் முறைப்பாடு சொல்லவில்லை, அவரிடமே போய் நின்று கேட்கிறார். மூன்றாம் வசனத்தில் "என் தேவனாகிய கர்த்தாவே" என்று உரிமையோடு ஒரு சொல் வருகிறது. மறந்துவிட்டீரே என்று ஏசிக்கொண்டே என்னுடையவரே என்று கூப்பிட முடிகிறது அவரால். ஐந்தாம் வசனத்தில் திடீரென்று நம்பிக்கை வருகிறது, பாடுவேன் என்று முடிகிறது. இடையில் என்ன நடந்தது என்று சங்கீதம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அருட்தந்தை ஒருவர் நாலாம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் உள்ள வெள்ளைத் தாள் எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது என்பார். ஆகவே உங்களுக்கு நாலாம் வசனத்தோடு நின்றுவிட்டால் நாலாம் வசனத்தோடு நில்லுங்கள். ஐந்தாம் வசனத்தை நடிக்க வேண்டாம்.

அந்த நம்பிக்கை முடிவுகூட எல்லாச் சங்கீதத்துக்கும் கிடையாது. 150 இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான், அநேகமானவை கடைசியில் ஒரு வெளிச்சத்தில் போய் நிற்கும், 88 நிற்காது. இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, பாதாளம், குழி, மறதியின் தேசம் என்று இறங்கி, எபிரேயத்தில் 'இருள்' என்ற சொல்லோடு அப்படியே முடிகிறது. நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இருள் "மறைந்துபோனார்கள்" என்று வினையாக மாறியிருப்பதால் வாசிக்கும்போது கொஞ்சம் மென்மையாகக் கேட்கும், மூலத்தில் அந்த மென்மை இல்லை. இதை எழுதியவருக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் அந்தப் பாட்டைக் கிழித்து எறியவில்லை. ஆலயத்தில் பாடுகிற புத்தகத்துக்குள்ளேயே வைத்தார்கள். எங்கள் ஆட்கள் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கத்தை இழுத்துப் பாடுவதும் இந்த வழியில் வந்ததுதான் என்று நான் நினைக்கிறேன், இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது அலுப்பாக இருக்கிறது, கிற்றார் இல்லாவிட்டால் ஆராதனை இல்லை என்கிறார்கள். அழுவதற்கு ஒரு ராகம் இருந்த சனம் நாங்கள்.

இந்த "எதுவரைக்கும்" என்ற சொல்லை வன்னியில் இருந்து வாசிக்கும்போது வேறு இடத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரிகிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு அம்மாமார் வந்து, பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கொட்டில் போட்டுப் போராட்டத்தில் இருந்தார்கள். ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது எத்தனை முறை அந்தக் கொட்டிலைக் கண்டிருப்பீர்கள். லூக்கா 18 ஐ அதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். கடவுளுக்கும் பயப்படாத, மனிதரையும் மதிக்காத ஒரு நீதிபதி, அவனிடம் திரும்பத் திரும்பப் போய் எனக்கு நியாயம் செய் என்று கேட்கும் ஒரு விதவை. சோர்ந்துபோகாமல் செபிக்கவேண்டும் என்பதற்காக இயேசு இந்த உவமையைச் சொன்னதாக லூக்காவே முதல் வசனத்தில் எழுதிவிடுகிறார். பிரசங்கங்களில் பெரும்பாலும் நீதிபதி மனம் மாறி நியாயம் செய்ததோடு கதையை மூடிவிடுவார்கள். எட்டாம் வசனம் கேள்வியாக முடிவதை யாரும் சொல்வதில்லை: மனுஷகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ? அந்த இடத்தில் விசுவாசம் என்பது என்ன? மனநிறைவா, கண்ணை மூடினால் வரும் அமைதியா? இல்லை. அடுத்த நாளும் அதே வாசலுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்பதுதான் அங்கே விசுவாசம். அப்படிப் பார்த்தால் தம்பி, எட்டு மாதமாக ஒன்றும் வராமலே முழங்காலில் நிற்கிற உங்களிடம் எது குறைந்துபோனது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி லீசிங் காசு. செபத்தில் பராக்கு வருகிறது என்பதுதான் உங்கள் பெரிய கவலை, நான் அதைப் பராக்கு என்றே எடுக்கமாட்டேன். இயேசு சொல்லிக்கொடுத்த செபத்தை மத்தேயு 6 இல் பழைய மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்". கடன் என்றே இருக்கிறது. பூசையில் நாங்கள் சொல்லும் வடிவத்தில் தீமை, குற்றம் என்று வருவதால் காதில் விழாமல் போய்விட்டது, லூக்கா 11 இலும் பாவங்கள் என்றுதான் வரும், ஆனால் மத்தேயுவின் கிரேக்கச் சொல் கொடுக்கவேண்டிய கடன்தான். கலிலேயாவில் அந்தச் செபத்தைக் கேட்ட கமக்காரருக்கும் மீனவருக்கும் கடன் என்றால் என்ன என்று உங்களைப்போலவே தெரிந்திருக்கும். அதற்கு முந்தின வசனம் சாப்பாடு. அதுவும் இன்றைக்கு வேண்டியது மட்டும். ஆகவே முழங்காலில் நிற்கும்போது லீசிங் வந்தால் அதைத் துரத்தி அடிக்காதீர்கள், அதையே சொல்லுங்கள்: ஆண்டவரே, இருபத்தைந்தாம் திகதி கட்டவேண்டும், கையில் இவ்வளவுதான் இருக்கிறது, மில்காரன் சொல்லும் விலை இது. தொகையையும் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாதென்று இல்லை, அப்படிச் சொல்லும்போது உங்களுக்கு ஒரு சொல் வந்துவிடுகிறது, எட்டு மாதமாக வராத சொல். நான் கடை வைத்து நொடித்துப்போன காலத்தில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படிச் செபித்திருக்கிறேன். கடன் அதனால் குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வட்சப்பில் காலையில் பூப்படத்தோடு வரும் வசனங்களை இந்த நேரத்தில் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கெட்டவை என்பதால் அல்ல, பாதியாக வெட்டி வருபவை என்பதால். எரேமியா 29:11 உங்களுக்கும் எத்தனையோ தரம் வந்திருக்கும், உங்களுக்காக நான் வைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று. மேலே உள்ள வசனங்களை யாரும் அனுப்புவதில்லை. அது பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எருசலேமில் இருந்து போன கடிதம். பத்தாம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. கடிதத்தை வாங்கி வாசித்தவர்களில் முக்கால்வாசிப்பேர் ஊர் திரும்பமாட்டார்கள் என்று அதற்கு அர்த்தம். இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு திரிந்த அனனியா என்ற தீர்க்கதரிசியோடு எரேமியா அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் மோதுகிறார். அப்புறம் ஐந்தாம் வசனம்: வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள். மூன்று இடத்தில் கொட்டில் போட்டு மூன்று இடத்திலும் கிணறு வெட்டிய எங்கள் சனத்துக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, போகும் இடமெல்லாம் முதலில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றியவர்கள் நாங்கள். மடுக் கோவில் மாதா சொரூபமே 2008 ஏப்ரலில் தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து ஓகஸ்டில்தான் திரும்பி வந்தவ. 11 ஆம் வசனத்தை அந்தக் கடிதம் முழுவதோடும் சேர்த்து வாசித்தால் அது நாளைக்கே எல்லாம் சரிவரும் என்ற வாக்குறுதியாக இருக்காது, ஆனால் கையில் பிடித்தால் உடையாத ஒன்றாக இருக்கும்.

நீங்கள் வயல் செய்கிறவர் என்பதால் சங்கீதம் 126 ஐயும் சொல்லவேண்டும். "கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்" என்று எல்லாருக்கும் தெரியும், கலியாண வீட்டிலும் சாவீட்டிலும் சொல்வார்கள். அதன் முதல் வசனம் சீயோனின் சிறையிருப்பு திரும்பியபோது நாங்கள் கனவு காண்கிறவர்கள்போல் இருந்தோம் என்கிறது. அப்படியென்றால் திரும்பி வந்தாயிற்று. நாலாம் வசனம் எங்கள் சிறையிருப்பைத் திருப்பும் என்று மறுபடியும் கேட்கிறது. வந்தபிறகு ஏன் கேட்கவேண்டும்? மீள்குடியேறிய யாரையும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். 2010 இல் நாங்கள் திரும்பி வந்தபோது வளவு இருந்தது, வீடு இல்லை, வயல் இருந்தது, வரம்பு இல்லை, அயல் இருந்தது, அயலவர் பாதி இல்லை. அந்தக் காலபோக (மாரி மழை) விதைப்புக்கு நிவாரணமாக விதைநெல் தந்தார்கள். சாப்பிடும் அரிசி கூப்பனுக்கு அளந்து வருகிறது, கொட்டிலுக்குள் ஒரு மூட்டை நெல் கிடக்கிறது, பிள்ளை பசி என்கிறது. அந்த மூட்டையை அவிழ்த்து அவித்துக் குத்தாமல் கடகத்தில் எடுத்துப்போய்ச் சேற்றில் வீசுவதற்கு எப்படி மனம் வரும்? "அள்ளித்தூவும் விதையைச் சுமக்கிறவன் அழுதுகொண்டு போகிறான்" என்ற ஆறாம் வசனத்தை அதற்கு முன் நான் ஏதோ கவிதை என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் நாற்று நடுவதைவிட வீசி விதைப்பதுதான் அதிகம், அந்த வீச்சில் கை எப்படிப் போய் எப்படி வெறுங்கையாகத் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பிடக்கூடிய ஒன்றை மண்ணில் விடுகிற அழுகை அது. அடுத்த முறை விதைக்கும்போது அந்த ஒரு வசனத்தை மட்டும் வாயில் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகச் செபநேரம் என்று ஒன்று வேண்டாம்.

வாசிக்கும் முறை என்று கேட்டால், பன்னிரண்டாம் நூற்றாண்டில் கீகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், செபம், மோனம் என்று நாலு படி சொன்னார், குருமடங்களில் இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல முறைதான், துறவிகளுக்கு விடிய எழும்பி மாடு அவிழ்க்கும் வேலை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு நான் சொல்வது முதல் படி மட்டும். சத்தம் போட்டு வாசியுங்கள். பன்றிக்காவலுக்குப் பரணில் இருக்கும்போது ரோர்ச் வெளிச்சத்தில் 13 ஐ ஒருமுறை, மெதுவாக. ஒரு மாதம் அதே சங்கீதம். அலுத்துப்போகும், பரவாயில்லை, தேவாரமும் செபமாலையும்கூட அப்படித்தான் எங்கள் நாக்கில் ஏறின.

இன்னொன்று, இதை வேதபாடமாக இல்லாமல் அண்ணனாகச் சொல்கிறேன். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் வைக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழும்பிச் சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார், மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், 1 இராஜாக்கள் 19 இல் இருக்கிறது. நீங்கள் இரவில் நித்திரை கொள்கிறீர்களா, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை. அம்மா இல்லாத வீட்டில் ஆண்கள் அடுப்பு மூட்டாமல் பாணும் தேத்தண்ணியுமாக விடுவது எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் நித்திரை இல்லை, எதிலும் மனம் இல்லை என்றால் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்குப் போய்க் கதையுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை, அந்த அடையைப் போல ஒன்று.

கடைசியாக அம்மாவின் பைபிள். புதிது வாங்குவது என்றால் வாங்குங்கள், 1995 இல் வந்த திருவிவிலியம் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்தது, இன்றைய தமிழ், விளங்காத இடத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்லது. பைபிளின் தமிழ் எத்தனையோ பேருடைய கைபட்டு வந்தது, 1850 இல் அச்சான ஒரு மொழிபெயர்ப்பில் யாழ்ப்பாணத்துப் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர், சைவத்துக்காக அத்தனை வாதாடிய அதே நாவலர்தான். ஆனால் வாசிக்கிற புத்தகம் அம்மாவுடையதாகவே இருக்கட்டும். இடப்பெயர்வில் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டு திரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் ஈரம் பட்டுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்துப் பிரிக்க வேண்டாம், வெயில் படாத காற்றில் ஓரிரு நாள் திறந்து வைத்துவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். அம்மா பென்சிலால் கோடு போட்ட வசனங்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவை அம்மாவின் கணக்கு, பிறகு பார்க்கலாம். 13 ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் கோடு ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் ஒரு பென்சிலை எடுத்து, எந்த வசனம் மட்டும் வாசிக்க முடிந்ததோ அதன் பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டுவிடுங்கள்.